மாமி வீட்டில் பெரிய கேம் விளையாடுவது எப்படி?

இந்த வழிகாட்டி எல்லோருக்குமானதல்ல. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கம் கலியாணம் முடித்து, நம் வழக்கப்படி பெண் வீட்டில் குடியேறிய மாப்பிள்ளைகளுக்கு மட்டும். அதிலும், ‘ஒபிஸ் வேலைக்கு வாங்கினது’ என்று சொல்லி ஒரு கேமிங் லெப்டொப்பையும் கையோடு கொண்டு போனவர்களுக்கு. உம்மா வீட்டிலிருந்து விளையாடும் தம்பிமார் இதை வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களுக்கு ஏச்சு விழும், சாப்பிடக் கூப்பிடுவார்கள், முடிந்துவிடும். மருமகனை யாரும் ஏசமாட்டார்கள். அவருடைய கஷ்டமே அதுதான்.

மாமி உங்களிடம் நேரே ஒன்றும் கேட்கமாட்டார். இரவு பத்தரை மணிக்குக் குசினியிலிருந்து மகளைக் கூப்பிடுவார்.

“புள்ள, மோட்டர நிப்பாட்டல்லயா? டேங்க் வழியப் போகுது.”

தண்ணி மோட்டரை அஸருக்கே நிப்பாட்டியாயிற்று. ஓடுவது உங்கள் அறையில். மகளுக்கு அது தெரியும், மாமிக்கும் தெரியும், அவர் கேட்டது டேங்கைப் பற்றியல்ல என்று உங்களுக்கும் தெரியும். எல்லோரும் நல்ல மனிதர்கள் என்பதால் மகள் எழும்பிப் போய் சுவிட்சைப் பார்த்துவிட்டு வருவார்.

ஆகவே முதலாவது ஆலோசனை: ஹெட்செட்டை நம்பாதீர்கள். ஹெட்செட் மாட்டினால் துப்பாக்கிச் சத்தம் வெளியே போகாது, உண்மைதான். ஆனால் ஃபேன் இரைவது உங்களுக்கு மட்டும் கேட்காது, வீட்டில் மற்ற எல்லோருக்கும் கேட்கும். ஒரு தடவை மனைவியின் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு நீங்கள் வாசலில் போய் நின்று பாருங்கள். நம் ஊரில் மதிலோடு மதில் ஒட்டின வீடுகள். மாமி வீட்டோடு விஷயம் நிற்காது என்பது அப்போது விளங்கும்.

இன்னொன்று. ‘கணக்கு பார்க்கிறேன்’ என்று சொல்வதை இன்றோடு விடுங்கள். எக்செல்லில் கூட்டல் கழித்தல் செய்தால் எந்த லெப்டொப்பும் இப்படிக் கத்தாது. மாமாவின் மேசையிலிருக்கும் பழைய கொம்பியூட்டரில் பத்து வருஷக் கணக்கு சத்தமில்லாமல் கிடக்கிறது. அவர் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதவரல்ல.

சத்தம் ஏன் வருகிறது என்று ஒரு பந்தி சொல்லிவிடுகிறேன், பிறகு உபாயங்களுக்குப் போகலாம். லெப்டொப் எடுக்கும் கரண்ட் கடைசியில் முழுவதும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. கனமான கேம் ஓடும்போது ஒரு கேமிங் லெப்டொப் 150 முதல் 200 வாட் வரை எடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு விடுவது ஏறத்தாழ 100 வாட். அப்படியென்றால் கதவு சாத்திய அந்த அறையில் புதுமணத் தம்பதி இருவர் மட்டும் இல்லை. இன்னும் ஒன்றிரண்டு பேர் கூட இருந்து வேர்க்கிறார்கள். இவ்வளவு சூடும் பெருவிரல் நகமளவான ஒன்றிரண்டு சிப்புகளில் பிறக்கிறது. அவற்றின் மேல் தட்டையான செப்புக் குழாய் ஒன்று ஓடும். குழாயினுள் கொஞ்சம் தண்ணீர், காற்றை உறிஞ்சி எடுத்த குறைந்த அழுத்தத்தில். தண்ணீர் சிப்பின் பக்கம் ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, அங்கே மெல்லிய தகடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகித் திரும்பி வரும். அந்தத் தகடுகளுக்குள் காற்றை ஊதித் தள்ளுவதுதான் ஃபேனின் வேலை. நீங்கள் குதிரையில் காடு மலையெல்லாம் சுற்றும்போது உங்கள் மடியில் உண்மையாகவே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பிளேன்டீ ஊற்ற வழியில்லை என்பதுதான் குறை.

ஃபேனின் கணக்கு பொல்லாதது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றும் இரண்டு மடங்குதான் வரும். சத்தமோ 15 டெசிபல் அளவு கூடும். காதுக்கு அது முன்னையதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடைசிச் சில பாகைச் சூட்டை இறக்கத்தான் அது உயிரை விட்டுக் கத்துகிறது. அந்தக் கடைசிச் சில பாகைகளை நாமே முன்கூட்டிக் குறைத்துக்கொடுத்தால் மாமி பாதி இரவு நிம்மதியாகத் தூங்குவார். இந்த வழிகாட்டியில் உள்ள உருப்படியான யோசனை எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான். மற்றவை நீங்கள் எப்படியும் செய்யப் போகிறவை.

நீங்கள் எப்படியும் செய்யப் போகிறவற்றில் முதலாவது, லெப்டொப்பை மெத்தையில் வைப்பது. சீதனமாக வந்த பெரிய கட்டில், பஞ்சு நிறைந்த மெத்தை, அதன் மேல் போர்வை. லெப்டொப் காற்றை இழுப்பது அடிப்பக்கத் துவாரங்களால். அவற்றை மெத்தையால் அடைத்துவிட்டு ‘ஏன் இது இப்படி மூச்சு வாங்குது’ என்று மனைவியிடம் கேளுங்கள். சூடேறின சிப் 95, 100 பாகையை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் எதிரி விட்டுவிட்டு நகர்வான், நீங்கள் சாவீர்கள், பழியை இன்டர்நெட் மேல் போடலாம். அதற்கும் மேலே சூடேறினால் மெஷின் தானே அணைந்துவிடும். இந்த முறையில் சத்தம் முழுவதுமாக நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மெத்தை வேண்டாம், மடியில் வைக்கிறேன் என்பவர்களுக்கு: சுவிட்சர்லாந்தில் 12 வயதுப் பையன் ஒருவன் மாதக்கணக்கில், தினமும் சில மணித்தியாலம், மடியில் வைத்து கேம் விளையாடியதில் இடது தொடையில் வலைபோட்ட மாதிரித் தழும்பு வந்தது. 2010இல் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் அதைப் பதிவு செய்தார்கள். அடுப்படியில் காலமெல்லாம் குந்தியிருப்பவர்களுக்கு வரும் தழும்பு அது. மாமியின் காலில் அது இருந்தால் வீட்டுக்கு உழைத்த அடையாளம் என்று ஊர் சொல்லும். உங்கள் தொடையில் இருந்தால் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மேசை. மேசை கிடைத்தாலும் போதாது, அடியில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். கடையில் விற்கும், நீல வெளிச்சம் அடிக்கும் கூலிங் பேட் ஒன்று வாங்கலாம். அதற்கும் ஃபேன் இருக்கிறது, அதுவும் இரையும். சோடாப் போத்தல் மூடி நான்கைப் பின்பக்கக் கால்களின் கீழ் இரண்டிரண்டாக அடுக்கினாலே பல மெஷின்களில் சில பாகை இறங்கிவிடும். இது இலவசம் என்பதால் யாரும் செய்வதில்லை. செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மாமி காலையில் அறை கூட்டும்போது அந்த மூடிகளைக் குப்பை என்று எடுத்து வீசிவிடுவார். ‘இது லெப்டொப்புக்கு’ என்று விளக்கப் போகாதீர்கள். வேறு போத்தல் மூடிகளைத் தேடி எடுங்கள்.

இனி நம் பக்கத்துக் காற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் லெப்டொப்பைச் செய்தவன் கல்முனையை மனதில் வைத்துச் செய்யவில்லை. குளிரூட்டின அறையில் 22, 25 பாகையில் வைத்துச் சோதித்து ‘சத்தம் குறைவு’ என்று பெட்டியில் எழுதியிருப்பான். அறை ஒரு பாகை கூடினால் உள்ளே சிப்பும் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடிக்கும் நாட்களில், மேற்கே மலைகளில் மழையை இறக்கிவிட்டு வெறும் சூட்டோடு அந்தக் காற்று சம்மாந்துறை வட்டைகளைத் தாண்டி வரும்போது, பகல் 35 பாகை என்பது புதினமல்ல. கேம் தொடங்குமுன்பே பத்துப் பாகை கடனில் நிற்கிறீர்கள்.

அதே பருவத்தில்தான் சிறுபோக அறுவடை. மெஷின் வெட்டும், பதரும் தூசும் காற்றோடு ஊருக்குள் வரும். மருதமுனையில் பெண் எடுத்தவர்களுக்கு இன்னொரு வகை: தறி ஓடும் வீடென்றால், அல்லது பக்கத்து வீட்டில் தறி என்றால், கண்ணுக்குத் தெரியாத நூல் பஞ்சு அறைக்குள் மிதந்துகொண்டேயிருக்கும். சாறனாகப் போக வேண்டியதில் கொஞ்சம் லெப்டொப்புக்குள் போய்ச் சேரும். மற்றப் பக்கம் கடல். பின்னேரம் ஜன்னலைத் திறந்தால் சுகமான காற்று, அதோடு உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசு ஒட்டும், ஜன்னல் கிறில் எப்படித் துருவேறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இவையெல்லாம் போய்ச் சேருமிடத்தை ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். பஸாரில் ரிப்பேர் கடைத் தம்பியிடம் கொடுத்தால் அடி மூடியைக் கழற்றி, ஃபேனைத் தூக்கி, தகட்டு வரிசையைக் காட்டுவார். ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு, விரல் நீளம், அரை விரல் தடிப்பு, ஒரே வில்லையாகக் கழன்று வரும். அதில் தலைமயிர் இருக்கும், நூல் இருக்கும், உமித்தூள் இருக்கும், சில வீடுகளில் பூனையும் கொஞ்சம் இருக்கும். அதுவரை ஃபேன் காற்றை ஊதியது இந்தச் சுவரின் மேல்தான். கடைத் தம்பி அதை மேசையில் வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். “காக்கா, இது ஒபிஸ் மெஷினா?” என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். அவரும் ஓம் என்பார். அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் ஒபிஸ் வேலை செய்கிறவர்கள்தான்.

நீங்களே சுத்தம் செய்வதென்றால் மெஷினை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அளவுக்கு மிஞ்சிச் சுழன்று கெடக்கூடும். வாயால் ஊதினால் எச்சிலும் சேர்ந்து போகும். டயருக்குக் காற்று அடிக்கும் கொம்பிரஸரில் கொடுத்து அடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அதிலிருந்து தூசியை வெல்லும் அழுத்தமும் வரும், தண்ணீரும் எண்ணெயும் வரும்.

சிப்புக்கும் செப்புக்கும் இடையில் பூசும் பேஸ்ட் சில வருஷத்தில் காய்ந்துபோகும், அதை மாற்ற வேண்டும். பல் தீட்டும் பேஸ்டைப் போட்டால் என்ன என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுந்திருக்கிறது, போட்டும் பார்த்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். பிறகு காய்ந்து, வெடித்து, முன்னைவிட மோசமாகும். வாசம் மட்டும் நல்லது.

குளிரூட்டிப் பெட்டி யோசனையும் உங்களுக்கு வரும், வராமலிருக்காது. அது நீங்கள் கண்டுபிடித்ததல்ல. 2018 ஜூலையில் ஆப்பிள் புதிதாக விட்ட மெக்புக் புரோ சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டுவதற்கு, ஒரு விமர்சகர் அதை ஃப்ரீசரில் வைத்து வீடியோ வேலையொன்றை ஓட்டினார். வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. அந்த மாதமே ஆப்பிள் மென்பொருளில் திருத்தம் விட வேண்டி வந்தது. அவருடைய ஊர்க் காற்று வேறு. நம் கடற்கரை ஈரத்தில் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுக்கும் எந்தப் பொருளும் சில நிமிஷத்தில் வேர்த்து வடியும், உள்ளேயும் வெளியேயும். தவிர, மாமி பெருநாளைக்கென்று கட்டி வைத்திருக்கும் இறைச்சிக்கு நடுவில் மருமகனின் ஒபிஸ் மெஷின் கிடப்பதை எந்த வகையிலும் விளக்க முடியாது.

ஃபேன் இருப்பதால்தானே சத்தம், ஃபேனையே எடுத்துவிட்டால்? மாமியின் உள்ளத்தில் இருப்பது அதுதான். ஸ்டீவ் ஜொப்ஸின் உள்ளத்திலும் அதுவே இருந்தது. 1980இல் வந்த ஆப்பிள் III கொம்பியூட்டரில் ஃபேன் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். மெஷின்கள் சூடேறின, உள்ளே சிப்புகள் பொருத்திய இடத்திலிருந்து இளகத் தொடங்கின. கொம்பனி வாடிக்கையாளருக்குச் சொன்ன வைத்தியம், மெஷினைச் சில அங்குலம் தூக்கி, தொப்பென்று மேசையில் போடுங்கள், சிப் தன் இடத்தில் இறுகிவிடும் என்பது. இந்த முறையை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் ஏசத் தெரியாத மாமி வீட்டில் உங்கள் ஆத்திரத்தைத் தீர்க்க ஒரு வழி வேண்டுமென்றால், இதற்கு ஒரு பெரிய கொம்பனியின் முன்னுதாரணம் உண்டு.

இனி உண்மையிலேயே சத்தம் குறையும் இரண்டு வேலை. விளையாட்டின் ருசி கெடும் என்று பயந்து யாரும் தொடாதவை. ஒன்று, ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது. உங்கள் திரை விநாடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால், மெஷின் 140 படம் வரைந்து மிச்சத்தை வீசுவதில் யாருக்கு லாபம்? கேமின் செட்டிங்ஸில் 60 என்று கட்டிவிட்டால் உடனே ஃபேன் இறங்குவது காதுக்கே தெரியும். இதில் வேடிக்கை, மெஷின் அதிகம் உழைப்பது சண்டை நடக்கும்போதுதான் என்றில்லை. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது, ஒன்றுமே நடக்காத மெனுத் திரையில் கேம் வரம்பில்லாமல் படம் வரைந்து தள்ளி, பலருடைய கிராபிக்ஸ் கார்டு கொதித்தது. செய்த கொம்பனியே ஒத்துக்கொண்டு வரம்பு கட்ட வழி சொல்லியது. நீங்கள் நல்ல பிள்ளையாகக் கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சோறு தின்னப் போகும்போது, அறைக்குள் ஃபேன் மட்டும் தனியாகக் கத்துவது இதனால்தான். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு சுறா வறையைப் பற்றிப் பேசுவார்கள்.

மற்றது, விண்டோஸின் பவர் செட்டிங்ஸுக்குள் போய், ப்ரொசெஸரின் உச்ச அளவு 100 என்று இருப்பதை 99 ஆக்குவது. ஒரே ஒரு எண். ஆனால் பெரும்பாலான மெஷின்களில் சிப் தன் சாதாரண வேகத்துக்கு மேல் பாய்வது இதனால் நின்றுவிடும், சூடு நன்றாகவே இறங்கும். அநேக கேம்களில் வித்தியாசம் தெரியாது. தெரிகிறது என்று சொல்பவரிடம் எது எது என்று சொல்லாமல் இரண்டையும் காட்டிப் பாருங்கள்.

நோன்பு மாதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். தராவீஹ் முடிந்து சஹர் வரை விழித்திருக்க ஊரே அனுமதி தரும் காலம் அது. ஆனால் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஊர் அடங்கியிருக்கும், பகலில் கேட்காத சத்தமெல்லாம் கேட்கும். பாங்கு சொன்னால் கேம் சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஃபேனுக்கு அந்த மரியாதை தெரியாது. கேமை விட்டு வெளியே வந்தாலும் தகடு ஆறும் வரை பாங்கின் நடுவே அது மட்டும் இரைந்துகொண்டிருக்கும். சுபஹுக்குக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள்.

மாறாக, வாடை மழை தொடங்கினால் கவலையில்லை. கார்த்திகை, மார்கழியில் தகரத்தில் மழை கொட்டும்போது ஃபேன் சத்தம் யாருக்கும் கேட்காது, அறையும் குளிர்ந்திருக்கும். வட்டைக்கு மட்டுமல்ல, கேமுக்கும் அதுதான் பெரும்போகம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் நாட்களிலும் அந்தப் பக்கத்து மருமகன்களுக்கு ஒலிபெருக்கியின் துணை உண்டு.

கரண்ட் பில்லை மறந்துவிடாதீர்கள். 200 வாட், ஐந்து மணித்தியாலம், ஒரு யூனிட். மாதம் 30 யூனிட். நம் நாட்டில் யூனிட் ஏற ஏற விலை வேறு படிக்குத் தாவும். உங்கள் 30 யூனிட் மாமாவின் பில்லை அடுத்த படியில் ஏற்றி வைத்துவிடும். மாமா பில்லை இரண்டு தரம் பார்த்து, “இந்த மாசம் நல்ல சூடு, எல்லாரும் ஃபேன் போட்டிரிக்கம் போல” என்பார். அவர் சொல்வது ஒரு வகையில் சரிதான்.

கரண்டே இல்லாத காலமும் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்த நாட்களில் லெப்டொப் சூடாகிறது என்று இந்த ஊரில் ஒருவர் முறையிட்டதாக நான் அறியேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் புகுந்ததில் நாடு முழுவதும் இருண்டது. ஞாயிற்றுக்கிழமை, பகல் நேரம். எத்தனை மருமகன்களின் கேம் பேட்டரி தீர்ந்து பாதியில் நின்றதோ. மாமிமார் அந்தக் குரங்குக்குத் துஆக் கேட்டிருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

இவ்வளவும் செய்து சரிவராவிட்டால் லெப்டொப்பை விற்றுவிடுவதுதான் வழி. ‘படிப்புக்கு மட்டும் பாவித்தது’ என்று விளம்பரம் போடுவது வழக்கம். போடுமுன் கீபோர்டைப் பாருங்கள். W, A, S, D என்ற நான்கு எழுத்தும் தேய்ந்து மறைந்திருக்க, மற்றவை கடையில் வாங்கின மாதிரிப் பளிச்சென்று இருக்கும். எந்தப் படிப்பிலும் அந்த நான்கு எழுத்தை மட்டும் வைத்து எழுதும் பாடம் கிடையாது. புதுக் கீபோர்ட் மாற்றும் செலவை விலையில் சேருங்கள்.

வாங்க வருபவர் பெரும்பாலும் புதிதாகக் கலியாணம் முடித்தவராகத்தான் இருப்பார். விலையைப் பேசமாட்டார், மெமரி எவ்வளவு என்று கேட்கமாட்டார். மெஷினை இரண்டு கையாலும் தூக்கி, காதுக்குக் கிட்டக் கொண்டுபோய், “காக்கா, சத்தம் போடுமா?” என்று மட்டும் கேட்பார். பொய் சொல்ல வேண்டாம். சார்ஜரில் இல்லாமல் வெறும் பேட்டரியில் ஓடும்போது மெஷின் தன் வலுவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும், ஃபேன் மூச்சு விடாது. அதனால் கேமைப் பேட்டரியிலேயே ஓட்டிக் காட்டி, அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜர் எங்கே என்றால், மாமி வீட்டில் இருக்கிறது, காசோடு வந்தால் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.